அம்சவள்ளி ஆற்றும் தண்ணீர்

ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி, மறு கையை இடுப்புக்குக் கீழே இறக்கி, கிணற்றுத் தண்ணீரை டீ ஆற்றுவதுபோல் ஆற்றுகிறாள் அம்சவள்ளி. இரண்டு சொம்புக்கும் நடுவே தண்ணீர் நீளமாக விழுகிறது. குனிந்து மோந்து பார்க்கிறாள். "இன்னும் லேசா அடிக்குது" என்று மறுபடி தூக்குகிறாள்.

வடக்கனந்தலில் என் வீட்டுக்குப் பின்னால்தான் அவள் கொல்லை. எதையும் மோந்து பார்க்காமல் நம்ப மாட்டாள். கறந்த பாலை மோப்பாள். கடைக்காரர் முகம் சுளிக்கச் சுளிக்க, புண்ணாக்கு மூட்டைக்குள் தலையை விட்டு மோப்பாள். பள்ளியில் வேதியியல் நடத்திவிட்டு வரும் என்னையும் விடுவதில்லை. "இன்னா சார், இன்னைக்கு அழுவுன முட்ட வாசன அடிக்குது?" என்பாள். ஆய்வகத்தில் அன்று செய்த சோதனை என் மாணவர்களில் பாதிப் பேருக்கே நினைவிருக்காது.

போன வாரம் அவள் கணவன் காசிநாதன் கரும்புக்குக் களைக்கொல்லி அடிக்கப் போனான். கிணற்று மேட்டில் வைத்த கேன் மூடி திறந்தபடியே உள்ளே உருண்டுவிட்டது. எல்லாவற்றையும் இறைத்துக் கொட்டலாம்தான். ஆனால் இது சித்திரை. கிணற்றில் ஊற்று நின்று நாளாகிறது. இருப்பதையும் இறைத்துவிட்டால் மழை வரும்வரை வெறும் பாறைதான். ஊர்க் குழாயில் வருவது மனிதர்களுக்கே போதவில்லை. கட்டுத்தறியில் நிற்பதோ நிறைசினைப் பசு, அந்த வீட்டின் ஒரே பசு.

"நாத்தம் பூட்ச்சின்னா மருந்தும் பூட்ச்சின்னுதானே சார்?" என்று என்னிடம் கேட்டாள். "வெயில்ல வச்சி வச்சி ஆத்திக்கினே இருந்தேன். நேத்து வச்ச தண்ணில ஒண்ணுமே அடிக்கல. மாட்டுக்கு ராத்திரியே ரெண்டு குடம் காட்டிட்டேங்க."

மேலே எடுத்துப் போட்டிருந்த கேனில் மருந்தின் பெயரைப் படித்தேன். தண்ணீரை விட்டுக் காற்றோடு போகிற பொருளும் உண்டு, போகாததும் உண்டு. இது போகாத ஜாதி. யாரும் தெரியாமல் குடித்துவிடக் கூடாதென்று கம்பெனிக்காரர்கள் நாற்றத்தைத் தனியாகச் சேர்க்கிறார்கள். பறந்தது அது மட்டும்தான். பாழாய்ப்போன படிப்பு கெட்ட செய்தி சொல்லத்தான் எனக்கு உதவுகிறது.

"உப்புத் தண்ணிய வெயில்ல வச்சா உப்பு போயிடுமாம்மா?"

"அது எப்பிடிங்க போவும்? தண்ணிதான் கம்மியாவும். கரிப்பு இன்னும் ஜாஸ்தி..." பாதியில் நின்றுவிட்டாள். கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நான் ஆத்துனது?" என்றாள்.

"நாத்தத்த மட்டுந்தான் போக்குச்சு."

காசிநாதன் மாட்டு டாக்டருக்குப் போன் செய்தான். அவர் கச்சிராயபாளையத்தில் இருக்கிறாராம், வரச் சாயங்காலம் ஆகுமாம். வந்துதான் என்ன செய்வார்? இந்த விஷத்துக்கு முறிமருந்து கிடையாது. அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

காலையிலிருந்து பசுவுக்கு யாரும் தண்ணீர் காட்டவில்லை. கயிறு எட்டிய மட்டும் இழுத்துக்கொண்டு வந்து, சொட்டச் சொட்ட நனைந்திருந்த அவள் கையை நோக்கி நாக்கை நீட்டியது. அம்சவள்ளி வெடுக்கென்று கையைப் பின்னுக்கு இழுத்தாள். புடவையில் அழுந்த அழுந்தத் துடைத்தாள். பிறகு காய்ந்த உள்ளங்கையை அதன் நாக்குக்குக் கொடுத்தாள்.