சரக்கு ஆட்டோவில் தொங்கிய ரங்கூன் குழந்தை

பொம்மை சேர்ப்பது என் பழக்கம். ஐந்தாவதோடு படிப்பை விட்டு மர வேலைக்குப் போனவன் நான். காரைக்குடியில் பழைய சாமான் விற்கும் கடைகளுக்குக் கதவு, தூண்களைச் சரிசெய்து கொடுப்பேன். அந்தக் கடைகளின் மூலைகளில் கிடந்த பொம்மைகள் ஒவ்வொன்றாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. மரப்பாச்சி ஜோடி, ஜப்பான் பீங்கான் பெண், சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்த, கண் மூடித் திறக்கும் ரப்பர் பிள்ளை. திருவிழாக் கடைகளில் நானே வாங்கிய புதுப் பிளாஸ்டிக் பொம்மைகளும் உண்டு. மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. மீசை நரைத்தவன் பொம்மை வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் நாலு பேர் முன்னால் நிற்க முடியாது என்று நினைத்திருந்தேன்.

எல்லாவற்றிலும் எனக்கு உயிர், ரங்கூனிலிருந்து வந்த செலுலாய்டு குழந்தை. கையில் எடுத்தால் முட்டை ஓடு போலத்தான் இருக்கும். நெருப்பு பட்டால் நொடியில் பற்றிக்கொள்ளும்.

இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கண்ணில் படாமல் பொம்மைகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். நசுங்கிவிடும் என்று ரங்கூன் குழந்தையை மட்டும் துணியில் சுற்றி ஓட்டை வாளி ஒன்றுக்குள் வைத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்து பார்த்தால் வாளியைக் காணோம். பழைய பிளாஸ்டிக்குக்கு வெங்காயம் கொடுக்கும் ஆட்டோவில் போட்டுவிட்டாளாம்.

“ஓட்ட வாளிக்குள்ள கொண்டுபோயி வச்சா எனக்கு எப்படித் தெரியும்? இன்னும் நின்னுக்கிட்டு இருக்கீக, ஓடுங்க!” என்றாள்.

மொபெட்டை எடுத்துக்கொண்டு அந்த ஆட்டோ போகும் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். பின்பக்கம் செம்புக்காக ஒயர் எரித்துக்கொண்டிருந்தார்கள். கறுப்புப் புகையைப் பார்த்ததும் மொபெட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே ஓடினேன். கடையில் இருந்த அம்மாவிடம், “ஒரு வாளி...” என்று இழுத்தேன்.

“வாளிதான் மலையாக் கெடக்கே. உள்ள என்ன, நகையா?”

“பொம்மை.”

“பேத்திக்கா?”

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். அந்தப் புகைக்கு முன்னால் பொய் வரவில்லை.

“எனக்குத்தேன். சேத்து வைக்கிறேன்.”

அவர் சிரிக்கவில்லை. “எங்க வீட்டுக்காரரு பழைய பூட்டாச் சேக்குறாரு. ஒண்ணுக்கும் சாவி இல்ல. அதுக்கு ஒங்களுது தேவல,” என்று சொல்லி வாசலில் நின்ற சரக்கு ஆட்டோவைக் காட்டினார்.

முன்கண்ணாடிக்குக் கீழே, எலுமிச்சை மிளகாய்க்குப் பக்கத்தில், என் குழந்தை கறுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் திருஷ்டிக்குக் கட்டியிருக்கிறார்.

அவிழ்க்கப் போனேன். பக்கத்தில் நின்ற ஓட்டுநர் தடுத்தார். “கட்டுனதச் சும்மா அவுக்கக் கூடாதுண்ணே. பதிலுக்கு ஒண்ணக் கட்டிட்டு எடுத்துக்கிருங்க.”

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். எதை விடுவது என்று நான் யோசிப்பதற்குள், தலைமுடி சிலிர்த்து நின்ற பிளாஸ்டிக் பொம்மை ஒன்றை மனைவி எடுத்துக்கொண்டாள். நானும் வருகிறேன் என்று வண்டியின் பின்னால் ஏறினாள்.

“யாத்தே! இந்த மூஞ்சியப் பாத்தா லாரியே ஒதுங்கிரும்ணே,” என்றார் ஓட்டுநர், கடை வாசலில் அதைக் கட்டிவிட்டு என் குழந்தையை அவிழ்த்துக் கொடுத்தபடி.

“பத்திரமா வச்சுக்கிருங்க. இவுகளுக்கு அதுவும் பிள்ளதேன்,” என்றாள் மனைவி.

இடுப்பில் ஒரு கயிற்றுத் தடம். மற்றபடி ரங்கூன் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. சுற்றிக்கொள்ள அந்த அம்மா செய்தித்தாளை நீட்டினார். வேண்டாம் என்றேன். மனைவி குழந்தையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள். குறுக்குச் சந்து இருந்தும், கூட்டமாக இருந்த பஸ் நிலையம் வழியாகவே வீட்டுக்கு வந்தோம்.