இறக்கைக்குப் பின்னால் விசிறி

விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவன் நான். மேலே போவது என்ன விமானம் என்று சொல்வதில் எனக்குத் தலைக்கனம் அதிகம்.

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடியில் நாங்கள் வேலை பார்த்த மில் மூடி எட்டு மாதம். கூட வேலை பார்த்த செபஸ்தியான், கோயம்புத்தூரில் கிடைத்த வேலைக்குக் குடும்பத்தோடு பஸ் ஏறப்போனான். வழியனுப்ப நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். மறுநாள் காலை போய் நிற்காவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

அப்போது ஒரு சின்ன விமானம் தாழப் பறந்தது. இரண்டு விசிறியும் இறக்கைக்குப் பின்பக்கம்.

“நம்ம முதலாளி விமானம்டா! இந்தப் பக்கம் வேற யாருகிட்டயும் கிடையாது. மில்லைத் திறக்கத்தான் வாறாரு. போகாதே!”

“நெசமாத்தான் சொல்றீகளாண்ணே?” என்றவன் பெட்டியை இறக்கினான். பஸ் போய்விட்டது.

முதலாளி வந்தால் மாலை போடுவது எங்கள் வழக்கம். செவ்வந்தி மாலையோடு யுத்தகாலத்து ஓடுதளத்துக்கு ஓடினோம். விமானம் இறங்கவே இல்லை. தெற்கே போய் மறைந்தது.

திரும்பும் வழியில் மில் காவல்காரரிடம் கேட்டோம். அவர் சொன்னார்: “அதே விமானந்தான். அதை வித்து மூணு மாசமாச்சு. மில்லு மிஷினுக்கும் வெலை பேசியாச்சு.”

செபஸ்தியான் திட்டவில்லை. “விமானத்தைச் சரியாத்தான் கண்டுபிடிச்சீகண்ணே” என்றான்.

மில் திறக்கவில்லை. அந்த வேலையும் அவனுக்குக் கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்தது விமானம் மட்டும்தான். உள்ளே யார் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.