பெட்டரிக்குப் பெறுமதியான படம்

எங்கள் டிவி பெட்டரியைச் சாகடித்தது நீங்கள்தான், தோட்டத் தலைவரே. நாங்கள் பார்த்த நாடகம் அதைச் சாகடிக்கவில்லை.

போன திருவிழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தோட்டத்துக்கு மொதமொதல்ல டிவி கொண்டாந்தது நான். நாடகம் பாத்துப் பாத்தே அது பெட்டரிய நாசமாக்குனது நம்ம பொம்பளைங்க" என்று சொன்னீர்கள். சனம் சிரித்தது. அந்த டிவியைக் கண்ணால் காணாத குமரிப் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். நான் கோயிலுக்குப் பின்னால் பாயசப் பானையில் கரண்டியோடு நின்றேன். கையைக் கழுவிக்கொண்டு முன்னால் வருவதற்குள் மேளம் தொடங்கிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுத வரும்.

எஹலியகொடையில் பஸ் ஏறி, இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே மேலே நடந்தால் எங்கள் லயம், குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று வரிசையாகக் கட்டிய வீடுகள். அந்த நாளில் கரண்ட் துரை பங்களாவுக்கும் ரப்பர் ஷீட் போடும் ஸ்டோருக்கும் மட்டும்தான். லயத்துக்குக் குப்பி லாம்பு. கோயில் மடத்தில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. எல்லாரும் சேர்ந்து வாங்கியது. நீங்கள் அதைக் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தீர்கள், அது உண்மை. தூக்கி வந்தவர் வேறு, வாங்கியவர்கள் வேறு.

டிவி கார் பெட்டரியில் ஓடியது. பெட்டரி இறங்கினால் டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட வேண்டும். ஆம்பிளைகளுக்கு அது கௌரவக் குறைச்சல். எனக்குக் காலையில் ரப்பர்ப் பால் வெட்டி, பாலை ஸ்டோரில் ஊற்றினால் பகலோடு வேலை முடிந்துவிடும். அதனால் நான்தான் சாக்கைச் சும்மாடாகச் சுருட்டி, பெட்டரியைத் தலையில் வைத்துக்கொண்டு போவேன். பஸ்ஸில் கண்டக்டர் "எபா அக்கே, எபா", வேண்டாம் அக்கா வேண்டாம், என்று கையை ஆட்டுவான். சீலையில் அசிட் பட்டால் ஓட்டை விழும், மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பது அவன் பயம். நான் சிங்களத்தில் நாலு வார்த்தை நன்றாகக் கொடுத்துவிட்டு ஏறிவிடுவேன்.

இன்றைக்குக் கொடுத்தால் நாளைக்குத்தான் எடுக்கலாம். சார்ஜ் போடும் கடைக்குப் பக்கத்திலே வீடியோ கெசட் கடை. அங்கே ஒரு கலர் டிவியில் புதுப்படம் ஓடிக்கொண்டே இருக்கும். கொடுக்கப் போகிற அன்றைக்குப் பாதி, எடுக்கப் போகிற அன்றைக்கு மீதி என்று நான் பார்க்காத புதுப்படம் இல்லை. சில கெசட் இந்தியாவில் தியேட்டருக்குள் இருந்தே பிடித்தது. நடுவில் யாராவது எழும்பிப் போனால் கதாநாயகன் மூஞ்சியை ஒரு தலை மறைக்கும். சண்டைக் காட்சியில் யாரோ ஒருவன் இருமிக்கொண்டே இருப்பான்.

அந்தப் படங்கள் சில மாதம் கழித்தோ, ஒரு வருஷம் கழித்தோ டிவியில் வரும். அதற்கு முன்னாலேயே லயத்தில் என்னைக் கேட்பார்கள். படம் நல்லதா என்று கேட்க மாட்டார்கள். கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"அக்கா, பெட்டரிக்குப் பெறுமதியா?"

ஒரு முழுப் படம் ஓடினால் அந்தக் கிழமை மிச்ச நாள் நாடகத்துக்கு பெட்டரி மிஞ்சாது. அதனால் நான் பொய் சொல்ல முடியாது. யாருக்கு எந்த நடிகர் பிடிக்கும் என்றெல்லாம் பார்த்துக் கருத்துச் சொல்ல முடியாது. இப்போது பேப்பரில் விமர்சனம் எழுதுகிறவர்கள் ஒரு தரம் அந்தப் பெட்டரியைச் சுமந்து பார்த்தால் பாதிப் படங்களைப் பாராட்ட மாட்டார்கள்.

நான் சொன்ன தீர்ப்புகளில் சில இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஒரு படத்தில் கதாநாயகி தேயிலைத் தோட்டத்துப் பெண். நகத்துக்குச் சாயம், தலை நிறையப் பூ, முதுகில் வெறுங்கூடை. காலில் ஒரு அட்டை கூட ஏறவில்லை. பாட்டு முடியும்வரை ஒரு கொழுந்து கிள்ளவில்லை. "கங்காணி இவளுக்கு அரை நாள் சம்பளத்துக்குக் கூடப் பேர் போட மாட்டாரு, நாம எதுக்கு முழுப் பெட்டரி குடுக்கணும்?" என்று கேட்டேன். அந்தப் படம் டிவியில் வந்தபோது மடத்தைத் திறக்கவே இல்லை.

இன்னொரு படத்தில் ஒருவன் ஒரு பெண்ணை பஸ்ஸில், கோயிலில், கிணற்றடியில் என்று விடாமல் துரத்துகிறான். அவள் வேண்டாம் வேண்டாம் என்கிறாள். கடைசியில் அவனையே கட்டிக்கொள்கிறாள். எங்கள் லயத்தில் ஒருத்தன் அப்படிச் சுற்றினால் அவனுடைய அம்மாவே விளக்குமாற்றைத் தூக்குவாள். அதையும் வேண்டாம் என்றேன். பொடியன்கள் என்னோடு ஒரு கிழமை பேசவில்லை. எனக்கு நட்டமில்லை.

பேய்ப்படம் ஒன்று வந்தது. கதை சுத்தப் பைத்தியக்காரத்தனம். ஆனால் பயமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. முழுப் பெட்டரியும் கொடுக்கலாம் என்றேன். அன்றைக்குப் பார்த்த பிறகு பீலிக்குத் தனியாகத் தண்ணீர் பிடிக்கப் போக ஆளில்லை. அப்படிப்பட்ட படம்தான் படம்.

ஊர்ப் பெரியவர் படம் ஒன்று உங்களுக்கு மிகவும் பிடித்தது. கதாநாயகன் நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார், ஊரே கையைக் கட்டி நிற்கும், பெண்கள் தூணுக்குப் பின்னால் நின்று அழுவார்கள். கேள்வி கேட்கிறவன் எல்லாம் அந்தப் படத்தில் கெட்டவன். கால் பெட்டரிக்குக் கூடக் காணாது என்றேன். ஆம்பிளைகள் என் பேச்சைக் கேட்காமல் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் தலைவரே, நீங்கள் தோளில் துண்டு போட ஆரம்பித்தீர்கள். கூட்டத்துக்கு உங்களுக்கு மட்டும் நாற்காலி வந்ததும் அதற்குப் பிறகுதான்.

சிங்கள நாடகங்கள் நல்லவை. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஏழை வீடு என்றால் ஏழை வீடு மாதிரி இருக்கும். அடுப்பு ஊதினால் கண் எரியும். பேச்சு குறைவு. தமிழ் நாடகத்தில் படுக்கப் போகிறபோதும் பட்டுச்சீலை, செத்த வீட்டிலும் லிப்ஸ்டிக். ஒருத்தி வாசல் கதவைத் திறப்பதற்குள் விளம்பரம் வந்துவிடும்.

ஆனாலும் ஒரு தமிழ் நாடகத்தை விடாமல் பார்த்தோம். அதில் ஒரு மருமகள். வீட்டில் சங்கிலி காணாமல் போகிறது, பழி அவள்மேல் விழுகிறது. எடுத்தது மூத்த மகன். மாமியாருக்கும் அது தெரியும். மாதக்கணக்காக அந்தப் பெண்ணை எல்லாரும் மிதித்தார்கள். "வாயத் தொறந்து பேசுடி!" என்று எங்கள் பக்கத்துக் காம்பரா மதினி டிவியைப் பார்த்துக் கத்துவாள். ஒரு தரம் கையிலிருந்த வெற்றிலைச் சருகை மாமியார் மூஞ்சியில் எறிந்தாள், திரையில் ஒட்டிக்கொண்டது. கடைசிக் கிழமை வந்தது. அந்த வீட்டுக் கல்யாண மண்டபத்துக்குள் அந்தப் பெண் வருகிறாள், சொந்தபந்தம் எல்லாருக்கும் முன்னால் கேட்கப் போகிறாள் என்று முன்கூட்டியே காட்டிவிட்டார்கள். எங்கள் லயத்துப் பெண்கள் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தோம். நான் வெள்ளிக்கிழமை பெட்டரியைக் கொடுத்து, சனிக்கிழமை முழுச் சார்ஜோடு எடுத்து வந்து மடத்தில் வைத்தேன். திங்கள் தொடங்கி வெள்ளி வரைக்கும் அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை கிரிக்கட். காலையிலிருந்தே ஆம்பிளைகள் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். மதினியும் நானும் போய்க் கேட்டோம்.

"நாளைக்கு எங்களுக்கு வேணும். கொஞ்ச நேரம் பாத்துட்டு நிப்பாட்டுங்க."

"நாடகத்துல என்னா, ஒங்க மாமியா ஓடியா போயிருவா? நாட்டு மானம் போகுது இங்க!" என்றீர்கள் நீங்கள். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

பின்னேரம் பெட்டரி இறங்கியது. படம் நாலு பக்கமும் சுருங்கி, ஆட்டக்காரர்கள் எல்லாரும் குள்ளமாகிவிட்டார்கள். நான் அந்த நேரம் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஸ்டோரிலிருந்து ஒரு போத்தலோடு வேகமாக ஏறி வந்தீர்கள். ஸ்டோரில் ரப்பர் ஷீட் போடுகிற வேலை உங்களுடையது, சாவி உங்கள் இடுப்பில்தான் இருக்கும்.

"என்னா தலைவரே, போத்தல்?"

"பெட்டரிக்கு அசிட் கொறைஞ்சு போச்சு புள்ள. நம்மகிட்ட இல்லாத அசிட்டா?"

"அது பால் ஒறைய வைக்கிற அசிட் ஆச்சே?"

"அசிட்டுன்னா எல்லாம் அசிட்டுதான். நீ தண்ணியப் புடி."

நான் குடத்தைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். மடத்து வாசலுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் மூடிகளைக் கழற்றி எல்லா ஓட்டையிலும் ஊற்றிவிட்டீர்கள். ஷீட் போடுகிற தொட்டியில் பாலை உறைய வைக்கிற அதே அசிட். அந்த மணம் எங்களில் யாருக்குத் தெரியாது? கிட்டே போனால் மூக்குக்குள் குத்தும். மடம் முழுக்க மணத்தது. படம் இன்னும் கொஞ்சம் சுருங்கியது, பிறகு ஒரு புள்ளியாகி நின்றது. ஒருத்தர், "ஸ்கோர் என்னாவா இருந்துச்சு?" என்று கேட்டார்.

அடுத்த நாள் பால் ஊற்றின கையோடு பெட்டரியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனேன். சார்ஜ் கடைக்காரர் மூடியைத் திறந்து, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்.

"மொகத அக்கே மே? என்னா அக்கா இது? இதுக்குள்ள ரப்பர் ஷீட் போடப் பாத்தீங்களா?"

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், நாடகம் அன்றைக்கு இல்லாமல் இருந்திருந்தால். கழுவிப் பார்த்தார், மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. செத்த பெட்டரியைத் திரும்பவும் தலையில் சுமந்துகொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கூட்டம். நாடகத்தின் கடைசிக் காட்சி ஓடுகிற அதே நேரம். நீங்கள் நாற்காலியில், துண்டு தோளில்.

"கிழமை முழுக்க நாடகம் நாடகம்னு ஓட்டுனா எந்த பெட்டரி தாங்கும்? இனிமே டிவி எங்க வீட்டுல இருக்கட்டும். புது பெட்டரி நான் பாத்துக்கிறேன். தேவைப்பட்டா நியூஸ் போடுவோம்."

நான் எழும்பினேன்.

"பெட்டரி பின்னாலதான் இருக்கு. யாராச்சும் மூடியத் தொறந்து மோந்து பாருங்க. அது நாடகத்து மணமா, ஸ்டோர் மணமா?"

"பொம்பளைக்குக் கூட்டத்துல என்னா பேச்சு? உக்காரு புள்ள."

"மோந்து பாத்துட்டுச் சொல்லுங்க, உக்காருறேன்."

யாரும் எழும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மடத்தில் இருந்த அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். மதினி மட்டும், "அந்த நாத்தம் இன்னும் மடத்துல அடிக்குதே!" என்று சத்தமாகச் சொன்னாள். அவளையும் அடக்கிவிட்டார்கள். அன்றைக்கே டிவி உங்கள் காம்பராவுக்குப் போனது. புது பெட்டரியும் வந்தது. அதற்குப் பிறகு அந்த மடத்தில் பெண்கள் உட்கார்ந்து எதையும் பார்க்கவில்லை. பார்க்க ஆசைப்பட்டவர்கள் உங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே மழையில் நின்று பார்த்தார்கள். நான் போகவில்லை.

நாடகத்தின் முடிவை டவுனிலிருந்து ஆளுக்கொரு விதமாகக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெண் மண்டபத்தில் கேட்டாள், மாமியார் காலில் விழுந்தாள் என்றாள் ஒருத்தி. இல்லை, மாமியாருக்கு நெஞ்சு வலி வந்து பதில் சொல்லாமலே செத்துப்போய்விட்டாள் என்றாள் இன்னொருத்தி. எழுதினவர்களை எனக்குத் தெரியும், நெஞ்சு வலியாகத்தான் இருக்கும்.

இப்போது லயத்துக்குக் கரண்ட் வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு கலர் டிவி. ஒரே நேரத்தில் எல்லாக் காம்பராவிலும் ஒரே நாடகம் அழுகிறது. பெட்டரி இல்லாததால் எதையும் நிப்பாட்ட ஆளில்லை. போன மாதம் வந்த புதுப்படத்தைக் கூட என் மகள் சீடியில் பாதி பார்த்துவிட்டு வேறு படம் போடுகிறாள். சரிதான், அது பாதிக்கு மேல் தாங்காத படம்தான். பிள்ளைகள் இப்போதும் கேட்டால் நான் பெட்டரிக் கணக்கில்தான் பதில் சொல்வேன். அவர்களுக்கு அது விளங்குகிறது.

இத்தனை வருஷம் நான் பேசாமல் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். பீலியில், பஸ்ஸில், ஸ்டோர் வாசலில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் "தெரியும் அக்கா" என்பார்கள். தெரியும் என்பதைத் தனியாகச் சொல்கிறார்கள். நீங்கள் பொய்யை மைக்கில் சொன்னீர்கள். என் மகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். வீட்டுக்கு வந்து, "அம்மா, நீங்களா அந்த பெட்டரிய நாசமாக்குனீங்க?" என்று கேட்டாள்.

அதனால், தலைவரே, எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம். வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். இந்த வருஷத் திருவிழாவிலும் மைக் உங்கள் கைக்குத்தான் வரும். பாயசப் பானையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். நானும் மதினியும் மகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்போம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரிலிருந்து போத்தலைக் கொண்டுவந்தது யார், பெட்டரிக்குள் ஊற்றியது யார்? நாதஸ்வரக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, எல்லாருக்கும் கேட்க அந்த மைக்கிலேயே சொல்லுங்கள்.