பத்தும் பொரித்த பொய்

கோழிக்கருவில் இதயம் எப்படி உருவாகிறது என்பதே என் பட்டமேற்படிப்பு ஆய்வு. முட்டைகளை மூன்று நாள் சூட்டில் வைத்து, பிறகு உடைத்துப் பார்ப்பேன். கொழும்புத்துறையில் கோழி வளர்க்கும் ஓர் அக்கா வாராவாரம் பத்து முட்டை தருவார். குஞ்சு பொரிக்க வாங்குகிறேன் என்று நினைத்திருந்தார். நான் திருத்தவில்லை.

“எத்தினை பொரிச்சது, தங்கச்சி?”

“பத்தும் அக்கா.”

ஒவ்வொரு வாரமும் இதையேதான் சொல்வேன்.

ஒருநாள், “கீரி கடிச்சு என்ரை கோழியள் எல்லாம் செத்துப்போச்சுது. உம்மடை குஞ்சிலை ரெண்டு தாருமன்,” என்றார்.

உண்மையைச் சொன்னேன்.

“பத்தும் பொரிச்சதெண்டு கோழி வளர்க்கிற ஆரும் சொல்லமாட்டினம். பொய்யெண்டு அப்பவே தெரியும். ஆனா ஒண்டிரண்டாவது பொரிச்சிருக்குமெண்டு நினைச்சன்.”

இப்போது என் ஆய்வுக் குறிப்பேட்டில் பத்துக்குப் பத்து முட்டையிலும் கரு வளர்ந்ததாக வந்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. பயந்து, திரும்பவும் எண்ணுகிறேன்.