முன்பேச்சை வெட்டிவிட்டார்கள்

இதை நான் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதில் வருகிற பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது. என் சிநேகிதிக்கும் அவருடைய மகளுக்கும் தெரியாது. முக்கியமாக, மொழிபெயர்க்க வந்த அந்த மாணவிக்குத் தெரியாது. ஆகவே என் கோபத்தை இங்கே கொட்டலாம். எங்கேயாவது கொட்டாவிட்டால் எனக்கு விசர் பிடித்துவிடும்.

மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆராய்ச்சித் திட்டமொன்றில் வேலை செய்கிறேன். இன்றைய சீனச் சமூகம் தன்னுடைய அண்மைக் காலத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறது, எதை மறக்கிறது என்பதுதான் விஷயம். இங்கே வந்து குடியேறிய சீனர்களிடம் பழைய நாட்களைப் பற்றிக் கேட்டு ஒலிப்பதிவு செய்வார்கள். யாழ்ப்பாணத்தாளுக்குச் சீனத்து ஞாபகத்தில் என்ன அலுவல் என்று கோயிலில் சனம் கேட்பதுண்டு. எனக்கு அவர்களுடைய மொழியில் வணக்கம் சொல்வதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. ஆட்களைப் பிடிப்பது, நேரம் ஒழுங்கு செய்வது, பதிவுக் கருவியைக் கொண்டுபோய் வைப்பது, வந்த எழுத்துகளைக் கோப்பாக்குவது, இதெல்லாம் என் வேலை. நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் இருக்கிறேன், எங்கள் தெருவில் பாதி வீடுகள் சீன வீடுகள். பேராசிரியருக்கு அதுவே போதுமாக இருந்தது.

நான் பிடித்துக் கொடுத்தவர்களில் ஒருவர் என் சிநேகிதி. என்னைவிட இருபது வயது மூத்தவர். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அரசாங்கம் நடத்தும் பிரெஞ்சு வகுப்பில் ஒரே மேசையில் இருந்து இரண்டு பேரும் வினைச்சொற்களோடு மாரடித்தோம். இரண்டு பேருக்கும் பிரெஞ்சு ஒழுங்காக வரவில்லை, சிநேகிதம் வந்தது. இப்போதும் நாங்கள் கதைப்பது அந்த உடைந்த பிரெஞ்சில்தான். பின்னேரங்களில் அவர் பேரனைப் பிள்ளைகள் காப்பகமான கார்டரியில் இருந்து கூட்டிவர வருவார், நான் என் கடைசி மகனைக் கூட்டிவரப் போவேன். வாசலில் நின்று பனியையும் பேருந்தையும் திட்டுவோம்.

அந்தப் பேரன் அவருடைய இரண்டாவது மகளின் பிள்ளை. இந்த மகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் வேலை, கெட்டிக்காரி, எல்லோரோடும் சிரித்துக் கதைப்பாள், தாயைத் தவிர. தாயோடு சண்டை இல்லை. ஆனால் பிள்ளையைக் கையில் வாங்கும்போது கடைக்காரருக்குச் சொல்வது போல நன்றிக்கு ஒரு மெர்சி சொல்லிவிட்டுப் போவாள். ஒரே பிள்ளைதான் பெறலாம் என்று சீனாவில் சட்டம் இருந்த காலத்தில் பிறந்த இரண்டாவது பிள்ளை அவள். ஏழு வயதுவரை வேறு கிராமத்தில் பெரியம்மா வீட்டில், பெரியம்மாவின் பிள்ளையாக வளர்ந்தாள். பெற்றவளுக்குத் தான் வேண்டாதவள் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. வளர்ந்த பிறகும் அது எழும்பிப் போகவில்லை. தாய் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

நேர்காணல் சிநேகிதியின் குசினியில் நடந்தது. பேராசிரியர், மொழிபெயர்ப்புக்கு ஒரு மாணவி, நான். மாணவி சீனாவில் இருந்து மேற்படிப்புக்கு வந்தவள், தங்கமான பிள்ளை. வந்ததும் வராததுமாகச் சிநேகிதிக்குத் தோடம்பழம் உரிக்க உதவினாள். இரண்டு பேரும் தங்கள் மொழியில் கனநேரம் கதைத்தார்கள். சிநேகிதி கேட்கிறார், மாணவி சிரித்துச் சிரித்துப் பதில் சொல்கிறாள். நான் வாசலிலேயே கருவியைப் போட்டுவிடுகிற ஆள், ஆகவே அதெல்லாம் பதிவானது. ஒரு கட்டத்தில் சிநேகிதி மாணவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு எழும்பிப் போய் அவளுக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினார்.

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேள்விகளைத் தொடங்கினார். பள்ளிக்கூடம், வயல், கலியாணம் எல்லாவற்றுக்கும் சிநேகிதி தாராளமாகப் பதில் சொன்னார். இரண்டாவது பிள்ளை பிறந்த வருடம் எங்கே இருந்தீர்கள், என்ன நடந்தது என்று கேட்டபோது சத்தமே இல்லை. குளிர்சாதனப் பெட்டி உறுமுவது மட்டும் கேட்டது. பிறகு ஏதோ சொன்னார். மாணவி மொழிபெயர்த்தாள். ஞாபகமில்லை.

அடுத்த நாள் கார்டரி வாசலில் நான் கேட்காமலே சிநேகிதி சொன்னார். அந்த வருடம் அவருக்கு அவ்வளவு ஞாபகம் இருந்தது. வயிறு வெளியே தெரியத் தொடங்கியதும் தமக்கையின் வீட்டுப் பன்றிக் கொட்டிலுக்குப் பின்னால் வைக்கோலுக்குள் ஒளிந்து இருந்தாராம். அதிகாரிகள் ஆளைத் தேடி வந்து, கிடைக்கவில்லை என்றதும் அவருடைய வீட்டுக் கூரையின் ஓடுகளைக் கழற்றிப்போனார்கள். மழைக்காலம். மூத்த மகளை நனையாமல் வைத்திருக்கக் கணவர் மேசைக்குக் கீழே படுக்கவைத்தாராம். பிரசவ நோவில் கத்தக்கூடாது என்று வாயில் துணியை வைத்துக் கடித்ததில் ஒரு பல் உடைந்தது. உதட்டை இழுத்து அந்தப் பல்லைக் காட்டினார். இரண்டாவது மகளைத் தேவையில்லாமல் கொடுக்கவில்லை, உயிரோடு வைத்திருக்கத்தான் கொடுத்தேன் என்றார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஏன் நேற்றுச் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் பிரச்சினை வரும் என்ற பயமா?

அவர் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளையை ஊர் எங்கே, அம்மா என்ன வேலை என்று கேட்டேன். அம்மா ஒரு பிள்ளைச் சட்டத்தைப் பார்க்கிற அந்த அரசாங்கக் கந்தோரில் வேலை. கிராமம் கிராமமாகப் போகிற வேலை. அந்தச் சம்பளத்தில்தான் தன்னைப் படிக்க வைத்தார் என்று சந்தோஷமாகச் சொல்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்ல, அவள் தன் வாயால் அதை மொழிபெயர்க்க வேண்டுமா?"

அதோடு என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஒருவருக்கும் சொல்லக்கூடாது, அந்தப் பிள்ளைக்கு எக்காரணம் கொண்டும் தெரியக்கூடாது.

எனக்கு அது உடனே விளங்கியது, ஏனென்றால் நாங்களும் அப்படித்தான். ஒரு தமிழ்ச் சந்திப்பில் யாராவது புதிதாக வந்தால் முதல் கேள்வி என்ன? ஊரில எவடம், ஆற்றை பிள்ளை? எந்த இடம், யாருடைய பிள்ளை என்று. இது சும்மா முகமன் இல்லை. யாருக்கு முன்னால் எதைக் கதைக்கலாம் என்று அறியத்தான் கேட்கிறோம். யுத்தகால நினைவுகளைச் சேகரிக்க ஒரு பெடியன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மாமனாரும் அதைத்தான் முதலில் கேட்டார். பெடியன் தகப்பன் பேரைச் சொன்னான். உதெல்லாம் மறந்து போச்சு தம்பி, தேத்தண்ணியைக் குடியும் என்று கதையை முடித்துவிட்டார் மாமனார். அவன் போன பிறகு எங்களுக்குச் சொன்னார், இவன்ரை தகப்பன்தான் ஒருநாள் ஆட்களோடு வந்து எங்கட வாசலிலை நிண்டவன், அதைப் பெடியனுக்குச் சொல்லி நான் என்னத்தைக் காணப்போறன் என்று.

சில வாரங்களில் சிநேகிதியின் நேர்காணல் எழுத்தாகி வந்தது. முதல் பக்கத்தில் ஒரு வரி: அறிமுகப் பேச்சு, நீக்கப்பட்டது. எல்லா நேர்காணல்களுக்கும் அப்படித்தானாம். ஊர் விசாரிப்பு, தேநீர், தோடம்பழம் எல்லாம் ஆராய்ச்சிக்கு உதவாத குப்பையாம். கேள்வி தொடங்கிய இடத்தில் இருந்துதான் தரவு தொடங்குமாம். என்ன கண்டறியாத தரவு! அந்த மனுசி ஏன் வாயை மூடினார் என்பதே அந்தக் குப்பைக்குள்தான் கிடந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சம் இருந்த மௌனத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேராசிரியர் கூத்தாடினார். அச்சத்தால் உண்டான மறதி என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்.

அதோடு விட்டாரா? திட்டத்தின் முடிவில் புரோசார்ட் பக்கத்து நூலகம் ஒன்றில் ஒரு கண்காட்சி வைக்கத் தீர்மானித்தார். சுவரில் படங்கள், கீழே ஹெட்போன்கள், மாட்டிக்கொண்டால் ஆட்களின் குரல். முதலாவது இடத்தில் என் சிநேகிதியின் அந்த மௌனமும், கடைசியில் ஞாபகமில்லை என்ற சொல்லும். குரலுக்கு மேலே பெயர் இல்லை, ஆனால் சொந்தப் பிள்ளைக்குத் தாயின் குரல் தெரியாதா? கண்காட்சி நடக்கப்போவது அந்த மகள் ஒவ்வொரு கிழமையும் பிள்ளையைக் கூட்டிப்போகிற நூலகத்தில். தான் பிறந்த வருடமே தன் தாய்க்கு ஞாபகமில்லை என்று அவள் காதால் கேட்கப்போகிறாள். நினைக்க நினைக்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

பேராசிரியரிடம் போனேன். அந்தத் துண்டை எடுத்துவிடுங்கள் என்றேன். ஏன் என்றார். ஏன் என்று நான் எப்படிச் சொல்வது? சத்தியம் ஒரு பக்கம். சொன்னால் இந்த மனுசன் துள்ளிக் குதித்து, இதுவல்லவோ கண்டுபிடிப்பு என்று அதையே கட்டுரையாக்கி, அந்த மாணவியைக் கொண்டே மொழிபெயர்ப்பிப்பார் என்ற பயம் மறுபக்கம். அந்த அம்மாவுக்கு அது பொருத்தமாக இருக்காது, குடும்பம் வருத்தப்படும் என்று இழுத்தேன். பங்குபற்றியவர் விரும்பினால் விலகலாம், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். அவரே வந்து, தன் மொழியில், மொழிபெயர்ப்பாளருக்கு முன்னால் சொன்னால் போதுமாம். வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றேன். இந்தப் பிள்ளையில் என்ன பிழை கண்டீர்கள் என்று கேட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்தேன், கொஞ்சம் பலமாகத்தான்.

வீட்டில் என் கோபம் பாத்திரங்களில் தெரிந்தது. கணவர் ஒரு மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"உமக்கேன் உந்தப் பிரச்சினை? சீனருக்கும் சீனருக்கும் நடுவிலை நீர் போய் நிண்டு என்ன செய்யப்போறீர்?"

"அந்தப் பிள்ளையின்ரை மனசு நோகக்கூடாதெண்டு பேசாமல் இருந்த மனுசிக்கு மறதிக்காரி எண்டு பேர் வைக்கினம். இதைப் பார்த்துக்கொண்டு இருக்கச் சொல்லுறியளோ?"

அவர் தேத்தண்ணி போட எழும்பிப் போனார்.

சிநேகிதியிடம் நடந்ததைச் சொன்னேன். வந்து விலகிக்கொள்ளுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை என்று கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டினார். அந்தப் பிள்ளை புத்திசாலி, ஏன் என்று யோசிக்கும், யோசித்தால் கண்டுபிடித்துவிடும் என்றார். உங்கள் மகள் என்ன பாடு படுவாள் என்று கேட்டேன். பேரன் பனியை உருட்டிக்கொண்டிருந்தான். மகளுக்கு நான் சொல்கிறேன் என்றார், முதல் தடவையாக.

என்ன சொன்னார், எப்படிச் சொன்னார், எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை.

கண்காட்சி திறந்த அன்று இரண்டு பேரும் வந்தார்கள். சிநேகிதியின் கையில் ஒரு பெட்டி நிறைய அவர்களுடைய கொழுக்கட்டை. தனி அறையில் இருந்து நூடுல்ஸ் தின்கிற மாணவிக்காம். மகள் நேரே போய் முதலாவது ஹெட்போனை மாட்டினாள். நான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டாள், திரும்ப ஒருமுறை போட்டும் கேட்டாள்.

பேராசிரியர் மாணவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், விடுவாரா? அடுத்த தலைமுறை என்ன நினைக்கிறது என்று அறிய ஆவலாம். மாணவி தயங்கித் தயங்கி மகளிடம் கேட்டாள், எல்லோருக்கும் விளங்கட்டும் என்று பிரெஞ்சில். "அந்தக் கேள்விக்குப் பிறகு உங்கள் அம்மா கனநேரம் பேசவில்லை. நான் ஏதும் பிழையாகக் கேட்டுவிட்டேனா? அன்று தொடக்கம் அதையே நினைத்துக்கொண்டு இருக்கிறேன்."

மகள் தாயைப் பார்த்தாள். பிறகு மாணவியின் தோளில் கையை வைத்துச் சிரித்தாள்.

"உங்களில் ஒரு பிழையும் இல்லை. அம்மாவுக்கு எப்போதும் மறதி. என் பிறந்தநாளையே நான்தான் ஞாபகப்படுத்த வேண்டும்."

சிநேகிதி தன் தலையில் தட்டிக் காட்டிச் சிரித்தார். மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படிப் பிடித்து நான் கண்டதில்லை. மாணவிக்கு முகம் வெளித்தது, பெட்டியைத் திறந்து அங்கேயே ஒரு கொழுக்கட்டையை வாயில் போட்டாள். பேராசிரியர் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு சட்டைப் பையில் இருந்து பேனையை எடுத்தார்.

அடுத்த கிழமை இறுதி அறிக்கையின் திருத்தங்கள் என் மேசைக்கு வந்தன. மறதி இரண்டாம் தலைமுறைக்கும் கடத்தப்பட்டுள்ளது, பிள்ளைகள் அதை நகைச்சுவையாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்று ஒரு புதுப் பந்தி. அதை நான் சேர்க்க வேண்டும். அறிக்கையைத் தூக்கிக்கொண்டு அவருடைய அறைக்குப் போனேன். இந்தப் பந்தி பொய், நான் இதைச் சேர்க்கமாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். தொடக்கத்தில் இருந்தே இந்த ஒரு நேர்காணலிலேயே நீங்கள் பிடிவாதமாக நிற்கிறீர்கள், அன்று அந்தக் குசினியில் அப்படி என்னதான் நடந்தது என்று கேட்டார். உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் மாணவி இருந்தாள், மடியில் கணினி, என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு.

"ஞாபகமில்லை" என்றேன்.