தானே மூடும் கதவு

கேய்னர் லம் பதினோரு வருடம் எந்த விருந்திலும் கடைசிவரை இருந்ததில்லை. கோழி வளர்த்தாள். இருட்டத் தொடங்கியதும் கோழிகள் தாமாகவே கூண்டுக்குள் ஏறிவிடும். கதவைச் சாத்துவதற்கு மட்டும் ஒரு ஆள் வேண்டும். சாத்தாவிட்டால் நரி வரும். இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் பக்கத்து மேட்டில் நரி என்றைக்கோ வரும் விருந்தாளி அல்ல. தினமும் ஒரே வழியில் ரோந்து போகிற ஆள்.

ஜூன் மாதத்தில் பத்து மணிவரை வெளிச்சம் போகாது. அவள் கொட்டாவி விட்டபடி அடுக்களை வாசலில் நிற்பாள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவிய ஈரக் கையோடு பஸ்ஸுக்கு ஓடுவாள். அக்காள் மகள் கல்யாணத்தில் கேக் வெட்டுவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டாள். அந்தக் கோபம் இன்னும் அக்காளுக்குத் தீரவில்லை.

கேய்னரும் கோபக்காரிதான். குப்பைத் தொட்டியை நடைபாதையில் கவிழ்த்துவிட்டுப் போன வண்டியின் பின்னால் இரண்டு தெரு ஓடியிருக்கிறாள். கோழிகளுக்கு, தான் வேலை பார்த்த இடங்களின் மேலதிகாரிகள் பெயர்களை வைத்திருந்தாள். காலையில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்கும்.

“மிஸஸ் கார்ட்ரைட், தள்ளி நில்லு. அங்கயும் இதே வேலைதான், எல்லாத்துலயும் மூக்கை நுழைக்கிறது.”

அவள் புருஷன் ட்ரெவர் லாரி ஓட்டியவன். முதுகெலும்பில் ஒரு தட்டு விலகி மூன்று வருடமாக வீட்டில் இருந்தான். தொலைக்காட்சியில் ஸ்னூக்கர் பந்தாட்டம் பார்ப்பான். கூண்டுப் பக்கம் போனதில்லை. “கோழி உன் சமாச்சாரம், கண்ணு” என்பான். அவளும் அப்படித்தான் என்று விட்டுவிட்டாள்.

ஆகஸ்டில் மலைக்குக் கீழே இருக்கும் முதியோர் இல்லத்தில் அவளைத் தலைமைச் சமையல்காரியாகக் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு பேருக்கு ஐந்து மணிக்கு இரவுச் சாப்பாடு கொடுக்க வேண்டும். ஆறரைக்கு வேலை முடியும். முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். ஐம்பத்தேழு வயதில் முதல்தடவையாக அவளுக்குக் கீழே இரண்டு பேர் வேலை செய்வார்கள். வேலியோரம் நின்று இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

குளிர்காலத்தில் கதவை யார் சாத்துவது என்ற கேள்வி உடனே வந்தது. ட்ரெவர் அவள் பிறந்தநாளன்று பதில் கொடுத்தான். அட்டைப் பெட்டியில் ஒரு சின்ன மோட்டார், கயிறு, அலுமினியத் தகடு. காலையில் திறக்க ஒரு மணி, மாலையில் மூட ஒரு மணி என்று குறித்து வைத்தால் தகடு தானே ஏறும், தானே இறங்கும். எர்னி கிரீன்வுட் வந்து மாட்டிக் கொடுத்தார். எங்கள் தெருவில் அதிகக் காலமாகக் கோழி வளர்ப்பவர் அவர். எவ்வளவு யோசனையுள்ள புருஷன் என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். கேய்னர் அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

முதல் இரண்டு வாரம் வேலையிலிருந்து வந்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தொட்டுப் பார்த்தாள். கோழிகளை எண்ணினாள். ஆறும் இருக்கும். பிறகு அடுக்களை ஜன்னலிலிருந்தே பார்த்தாள். மோட்டார்ப் பெட்டியில் மின்சாரம் இருப்பதற்கு அடையாளமாக ஒரு பச்சை விளக்கு எரியும். எரிந்தால் சரி என்று விட்டாள். பகல் சுருங்கச் சுருங்க மூடும் நேரத்தை முன்னால் கொண்டுவந்தாள். அக்டோபர் மூன்றாம் வாரத்தில் அது ஆறரையாக இருந்தது.

அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியது. கோடையில் முன்னால் தள்ளியதைக் குளிர்காலத்துக்குத் திருப்ப வருடா வருடம் செய்கிற காரியம். அடுப்பு, பாய்லர், கார், கூடத்தில் மாட்டியிருக்கும் ட்ரெவருடைய அம்மாவின் கடிகாரம் என்று வீட்டைச் சுற்றி ஒரு நடை. இந்த வருடம் வரிசையில் ஒன்று கூடியிருந்தது. வேலைக்குக் கிளம்பும்போது கோட்டு மாட்டிய கையோடு கேய்னர் கூண்டுக்குப் போய், பெட்டியின் கடிகாரத்தையும் ஒரு மணி பின்னால் தள்ளினாள்.

புதன்கிழமை அவளுக்குப் பத்து மணிக்குத்தான் வேலை. ஏழே முக்காலுக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நன்றாக விடிந்திருந்தது. கதவு திறக்கவில்லை. ஏழு மணிக்குத் திறந்திருக்க வேண்டும். இரவு உடுப்போடு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, தீவன வாளியோடு, பெட்டி செய்தவனைத் திட்டிக்கொண்டே போனாள். கூண்டுக்குள் சத்தமில்லை. பசித்த கோழிகள் அந்த நேரத்தில் தகரத்தைக் கொத்தும். திறக்கும் பொத்தானை அழுத்தக் குனிந்தாள். அதற்குள் மோட்டாரே சுற்றத் தொடங்கியது. தகடு மெதுவாக ஏறியது.

நரி வெளியே வந்தது.

அவசரப்படவில்லை. ஏணிப் பலகையில் முன்னங்கால் வைத்து அவளை ஒருதடவை பார்த்தது. தாடையில் ஒரு பழுப்பு இறகு ஒட்டியிருந்தது. இறங்கி, வேலிக்கு அடியில் நுழைந்து போயிற்று. முந்தின நாள் இருட்டியதும் உள்ளே போயிருக்கிறது. அது உள்ளே இருக்கும்போதே கதவு நேரப்படி மூடிக்கொண்டது. இரவு முழுக்க ஐந்து கோழிகளோடு அது உள்ளே இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஆறாவது கோழி வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. அன்றைக்குக் கூண்டுக்குள் போகவே அதற்கு இஷ்டமில்லை போலிருக்கிறது.

கேய்னர் பெட்டியைப் பார்த்தாள். அதில் ஏழு மணி. கையில் கட்டியிருந்த கடிகாரத்தில் எட்டு. ஞாயிற்றுக்கிழமை அவள் சரியாகத்தான் தள்ளியிருந்தாள். பெட்டி இன்னும் ஒரு மணி பின்னால் இருந்தது. வேறு ஒரு கை பட்டிருக்கிறது.

அவள் போட்ட சத்தத்தில் எர்னி மூன்று வீடு தாண்டி வந்துவிட்டார். நானும் போனேன். ட்ரெவர் பின்வாசலில் டீக் கோப்பையோடு நின்றான்.

“இதைத் தொட்டியா?”

“எதை?”

“பெட்டியை, ட்ரெவ். கடிகாரத்தை மாத்தினியா?”

“ஆமா, ஞாயித்துக்கிழமை. உனக்கு இப்ப வேலை அதிகம். மறந்திருப்பேன்னு நினைச்சேன். ஒரு உதவியா இருக்கட்டுமேன்னு...”

“நான் காலையிலயே மாத்திட்டேன்.”

“சொல்லியிருக்கலாம்ல?”

எர்னி கூண்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். “ஏன் பொண்ணே, நீயும்தான் எதுக்கு மாத்துன? காருக்கு மாத்து, அடுப்புக்கு மாத்து. கோழிக்கு எதுக்கு? அதுங்களோட சூரியனை யாரும் பின்னால தள்ளலையே.”

கேய்னர் விரல் விட்டு மணிகளைக் கணக்குப் போட்டாள். உண்மைதான். யாருமே தொடாமல் விட்டிருந்தால் கதவு இருட்டியதும் ஐந்தரைக்கே மூடியிருக்கும். அவள் ஒரு மணி நேரம் தாமதப்படுத்தினாள். அவன் இன்னொரு மணி. ஐந்து மணிக்கு இருட்டி, ஏழரைவரை வாசல் திறந்து கிடந்தது.

“சரி. என்னோட ஒரு மணி நேரத்துக்கு நான் பொறுப்பு” என்றாள். குரல் இறங்கியிருந்தது. நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். “உன்னோடதைச் சொல்லு. எப்பப் போன?”

“அதான் ஞாயித்துக்கிழமை. ஆட்டத்துக்கு நடுவுல விளம்பரம் போட்டான். அப்ப.”

“இங்க வரைக்கும் நடந்தியா?”

“பின்ன, பறந்தா வந்தேன்?”

“முதுகு?”

“அன்னிக்குப் பரவாயில்ல.”

“விளம்பரம் முடியறதுக்குள்ள போய்ட்டு வந்துட்ட.”

“ரெண்டு நிமிஷம் ஆகுமா? என்ன கேள்வி இது, கேய்?”

அவள் பின்வாசலுக்குப் போனாள். அங்கிருந்து கூண்டுவரை நடந்தாள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தாள். முப்பத்தெட்டு அடி வைத்தாள். திரும்பி நின்றாள்.

“மூணு வருஷமா நீ வீட்லதான் இருக்க. நான் பஸ்ஸுக்கு ஓடினேன். நீ அந்த நாற்காலில இருந்துகிட்டு, ‘மழை நிக்கலியா கண்ணு’ன்னு கேட்ட. இந்த வேலை கிடைச்சப்போ யார் சாத்தறதுன்னு கேட்டேன். நீ மோட்டார் வாங்கிக் கொடுத்த. நானும் முத்தம் கொடுத்தேன். எனக்குன்னு நினைச்சேன் பாரு. அது உனக்கு வாங்கினது. இந்த முப்பத்தெட்டு அடியை நடக்காம இருக்க.”

“எர்னி முன்னாடி இதெல்லாம் எதுக்கு?”

“எர்னி கேட்கட்டும். அன்னிக்கு உன்னைப் பாராட்டினவங்கதானே எல்லாரும்.”

எர்னி தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, செத்த கோழிகளைப் போடச் சாக்கு எடுத்துவரப் போனார். நான் தரையைப் பார்த்தேன்.

ட்ரெவருக்கும் கோபம் வந்தது. “நான் அப்பவே சொன்னேன், அந்த வேலை உனக்கு ஒத்து வராதுன்னு. இப்பப் பார். பேசாம பள்ளிக்கூடத்துக்கே போ. மூணு மணிக்கு வீட்டுக்கு வந்துடலாம்.”

சோதனைக் காலம் முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கேய்னர் கொட்டகையிலிருந்து திருப்புளியை எடுத்துவந்து பெட்டியின் நான்கு திருகாணிகளையும் கழற்றினாள். இழுத்த வேகத்தில் ஒரு பலகை பிளந்தது. மோட்டாரை, கயிறும் தகடும் தொங்க, வீட்டுக்குள் கொண்டுபோய் அவன் நாற்காலியில் வைத்தாள். பழைய மரக் கதவையும் கொண்டியையும் அவளே திரும்ப மாட்டினாள். பத்து மணிக்கு வேலையில் இருந்தாள். உள்ளங்கையில் திருப்புளி கிழித்த காயத்துக்கு சமையலறைகளில் ஒட்டும் நீலப் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு, மீனை மசித்த கிழங்கால் மூடிச் சுட்டாள்.

ஒற்றைக் கோழி தனியாக இருக்காது என்று வெள்ளிக்கிழமை எர்னி தன்னிடமிருந்து இரண்டைக் கொண்டுவந்து விட்டார். அவர் பணம் வாங்கவில்லை. அவளும் நன்றி சொல்லும் மனநிலையில் இல்லை. அன்று மாலை நடந்ததை அவளே பிறகு என்னிடம் சொன்னாள்.

ஐந்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது இல்லத்துச் சமையலறையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தாள். உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் விடவில்லை. கடைசியில் ட்ரெவர் எடுத்தான்.

“கதவைச் சாத்திட்டியா?”

“மழை கொட்டுது, கேய்.”

“கோட்டு ஆணில தொங்குது.”

“இன்னும் ரெண்டு பந்துதான். முடிஞ்சதும்...”

“நான் போனை வைக்கப் போறதில்ல. போய்ச் சாத்திட்டு வந்து சொல்லு.”

“இருபத்திரண்டு கிழங்கள் சாப்பாட்டுக்குக் காத்திருக்குங்க. நீ இங்க என்கிட்ட...”

“அவங்க சாப்பிடுவாங்க. நீ போ.”

போனை மேடைமேல் நிமிர்த்தி வைத்துவிட்டுக் கிழங்கை வடிகட்டினாள். வெண்ணெய் போட்டு மசித்தாள். அவளுக்குக் கீழே வேலை செய்யும் பெண்கள் இரண்டுபேரும் போனைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், தட்டுகளை அடுக்கினார்கள். போனில் ஸ்னூக்கர் பந்துகள் மோதும் சத்தம் வந்தது. பிறகு பின்கதவு. பிறகு வெகுநேரம் பந்துகள் மட்டும். முதல் எட்டுத் தட்டு வெளியே போயிற்று. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

“சாத்திட்டேன். கொண்டியும் போட்டாச்சு. நனைஞ்சுட்டேன். சந்தோஷமா?”

“மூணும் உள்ள இருக்கா?”

“இருக்கும்.”

“இருக்குமா, இருக்கா?”

கேய்னர் ஒன்பதாவது தட்டில் பட்டாணியை வைத்தாள். ரிசீவரை மேசைமேல் தடாலென்று போடும் சத்தம் கேட்டது. பின்கதவு மறுபடி திறந்தது.