‘ங்க’ போட்டுத் திட்டியவர்

தேர்தல் சமயத்தில் எங்கள் டிவி ஒரு வேட்பாளருக்கு ஒத்து ஊதுகிறது என்று வலைப்பதிவில் தினமும் கிழித்தார் எதிரணிக்காரர் ஒருவர். அவரை மிரட்டிவிட்டு வரச் சொல்லி, நிருபரான என்னை ஜலகண்டாபுரத்துக்கு அனுப்பினார்கள்.

விசைத்தறிக்காரர். தலையெல்லாம் பஞ்சு. நூல் அறுந்தால் மட்டும் செல்போனைச் சட்டைப்பையில் போடுவார்; முடிச்சுப் போட்டதும் மறுபடி எழுதுவார்.

“நாங்க காட்டுன பிரச்சாரக் கூட்டம் பொய்னு எழுதியிருக்கீங்க. அழிக்கலேன்னா கேஸ் வரும்” என்றேன்.

“அது போன வருசத்துத் தேரோட்டக் கூட்டமுங்க. அதுல நானே நிக்கறனுங்க. கேஸப் போடுங்க.”

அவர் எழுதிய எந்த வசையிலும் ‘ங்க’ விட்டுப்போனதில்லை. “திட்டறதுக்கு எதுக்கு மரியாதை?” என்று கேட்டேன்.

“மரியாதை எங்கூர்துங்க. பொய்யி உங்களுதுங்க.”

அலுவலகத்தில் எல்லோரும் அவரை ‘அவன்’ என்றே பேசினார்கள். எனக்கு மட்டும் இன்றுவரை அந்த வார்த்தை வாயில் வரவில்லை.